ஒரு போனின் பங்கு

“ஐபோனை எடுத்துவிட்டால் ஆப்பிளிடம் எவ்வளவு லாபம் மிஞ்சும்?”

பல வருஷம் எனக்குச் சம்பளம் வாங்கித் தந்த கேள்வி இது. கேட்டவர்கள் நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் உட்கார்ந்து பங்கு வாங்கி விற்கும் நிதி மேலாளர்கள். பதில் தயாரானது சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில். வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களுக்கு ஆய்வுக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் அலுவலகங்கள் அந்தச் சாலையில் நிறைய. அப்படி ஒன்றில், தொழில்நுட்பக் கம்பெனிகளைப் பார்க்கும் பிரிவில் இருந்தேன். இப்போது சொந்த ஊரான அரிமளத்துக்கே திரும்பிவிட்டேன். வீட்டிலிருந்தபடி அதே வேலையைக் கொஞ்சம் குறைவாகச் செய்கிறேன்.

நான் படித்தது காஸ்ட் அக்கவுண்டன்சி. ஒரு ஆலையில் பத்துப் பொருள் தயாரானால், ஒவ்வொன்றின் அடக்கவிலை என்ன, எது சம்பாதிக்கிறது, எது மற்றதன் சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறது என்று பிரித்துக் காட்டும் படிப்பு. நம் கம்பெனிச் சட்டத்தில் இதற்கு இடம் உண்டு. குறிப்பிட்ட தொழில்களில் உள்ள பெரிய நிறுவனங்கள் பொருள்வாரியாகச் செலவுப் பதிவேடு வைத்து, காஸ்ட் ஆடிட் முடித்து, எந்தப் பொருளில் எவ்வளவு நின்றது என்று அரசுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். அது பொதுமக்கள் பார்வைக்கு வராது. ஆனால் அதைத் தயாரிக்கிறவர் கையில் ஆலையின் எல்லா ரசீதும் இருக்கும். ஆய்வு வேலைக்கு வந்தபோது ரசீது ஒன்றும் கிடையாது. கம்பெனி வெளியிடும் நாலு தாளை வைத்துக்கொண்டு, வெளியே நின்று உள்ளே இருப்பதைச் சொல்ல வேண்டும்.

ஆப்பிளின் காலாண்டு முடிவு கலிபோர்னியாவில் பிற்பகல் ஒன்றரை மணிக்கு வரும். நமக்கு அப்போது அதிகாலை இரண்டு, குளிர்காலத்தில் மூன்று. வந்த நிமிஷமே நாங்கள் போய் நிற்பது கடைசிப் பக்க அட்டவணையில்தான். ஐபோன், ஐபேட், மேக் என்று வரி வரியாக, எத்தனை விற்றது, எவ்வளவு பணம் வந்தது என்று இரண்டு பத்தி இருக்கும். 2018 நிதியாண்டில் 21.77 கோடி ஐபோன், 16,670 கோடி டாலர் வருவாய். வகுத்தால் ஒரு போனுக்குச் சராசரி 766 டாலர். அந்த ஒரு எண் கிடைத்தால் மீதியைக் கட்டிவிடலாம் என்ற தைரியம் எங்களுக்கு இருந்தது.

மீதி என்பது அடக்கவிலை. போன் வந்த வாரமே அதை வாங்கிப் பிரித்துப் போட்டு, திரைக்கு இவ்வளவு, சிப்புக்கு இவ்வளவு, கேமராவுக்கு இவ்வளவு என்று விலைப் பட்டியல் தரும் நிறுவனங்கள் உண்டு. 2017-ல் ஐஎச்எஸ் மார்க்கிட் நிறுவனம் ஐபோன் எக்ஸைப் பிரித்து, உதிரிப் பொருள்களின் மதிப்பு 370.25 டாலர் என்றது. கடை விலை 999 டாலர். கழித்துப் பார்த்து, ஒரு போனுக்கு 629 டாலர் லாபம் என்று பலர் எழுதினார்கள். எனக்கு இதில் அன்றைக்கும் இன்றைக்கும் கோபம் உண்டு. விற்கிற கடைக்காரருக்குக் கமிஷன் எங்கே? கப்பலும் விமானமும் சும்மா ஏற்றி வருமா? காப்புரிமைக்கான ராயல்டி, உத்தரவாதக் காலப் பழுதுபார்ப்பு, உள்ளே ஓடும் மென்பொருளை எழுதியவர்கள் சம்பளம், எல்லாவற்றையும் விட்டுவிட்டு லாபம் என்று எழுதலாமா? இப்படி வெளியாகும் எந்தக் கணக்கும் உண்மைக்குப் பக்கத்தில்கூட வந்ததில்லை என்று, ஆப்பிளின் தலைமை நிர்வாகி என்ற முறையில் டிம் குக்கே 2015-ல் முதலீட்டாளர்களிடம் சொன்னார். உதிரிப் பட்டியலை நான் உபயோகித்தது ஒரே ஒரு காரியத்துக்கு: ஒரு மாடலிலிருந்து அடுத்த மாடலுக்கு எந்தப் பொருள் விலை ஏறியது, எது இறங்கியது என்று பார்க்க.

உள்ளே இருந்த உண்மையான எண் நீதிமன்றத்தில்தான் வெளியே வந்தது. ஆப்பிளும் சாம்சங்கும் அமெரிக்காவில் காப்புரிமை வழக்காடியபோது, 2012-ல் தாக்கலான ஆவணங்களில், 2010 ஏப்ரல் முதல் 2012 மார்ச் வரை அமெரிக்காவில் விற்ற ஐபோன்களின் மார்ஜின் 49 முதல் 58 சதவீதம் என்று இருந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் ஐபேடுக்கு 23 முதல் 32 சதவீதம்தான். இங்கே மார்ஜின் என்பது, விற்ற பணத்தில் பொருளின் அடக்கச் செலவைக் கழித்தால் நூற்றுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்பது. ஆராய்ச்சி, விளம்பரம், நிர்வாகம் எல்லாம் அதற்குப் பிறகு கழியும். போன் ஐபேடைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு கொழுத்தது என்று அன்றைக்குத் தெரிந்தது. அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு ஆய்வாளர்கள் ரொம்ப வருஷம் காலம் தள்ளினார்கள்.

2018 நவம்பர் 1 அன்று, இனி எண்ணிக்கை சொல்ல மாட்டோம் என்று ஆப்பிள் அறிவித்தது. மூன்று மாதத்தில் எத்தனை விற்றது என்பது வியாபாரத்தின் வலுவைக் காட்டாது என்பது நிதித் தலைவர் லூகா மேஸ்திரி சொன்ன காரணம். மறுநாள் பங்கு ஏழு சதவீத அளவுக்கு விழுந்தது. எங்கள் எக்செல் தாளில் பல ஆண்டுகளாக நிரப்பி வந்த ஒரு பத்தி அப்படியே நின்றுபோனது. அதற்கு ஈடாக 2019 ஜனவரியில் வேறொன்று கொடுத்தார்கள்: பொருள்களின் மார்ஜின் தனி, சேவைகளின் மார்ஜின் தனி. முதல்தடவை வந்த சேவை மார்ஜின் 62.8 சதவீதம். என்னைக் கேட்டால், போன எண்ணைவிட வந்த எண் பெரியது. எண்ணிக்கை தெரிந்தால் விற்பனைதான் தெரியும். மார்ஜின் பிரிந்து வந்தால் லாபத்துக்குப் பக்கத்தில் போய்விடலாம்.

2024 நிதியாண்டை எடுத்துக்கொண்டு போட்டுக் காட்டுகிறேன்.

மொத்த விற்பனை 39,104 கோடி டாலர். அதில் ஐபோன் 20,118 கோடி. மேக், ஐபேட், கைக்கடிகாரம், இயர்போன் வகையறா சேர்ந்து 9,368 கோடி. சேவைகள் 9,617 கோடி. பொருள்களில் வந்த மொத்த லாபம் 10,963 கோடி, அதாவது 37.2 சதவீதம். சேவைகளில் 7,105 கோடி, 73.9 சதவீதம். இரண்டும் சேர்ந்து 18,068 கோடி.

இதுவரைக்கும் ஆப்பிள் சொன்னது. இனி நாம். ஐபோனுக்கும் மற்றப் பொருள்களுக்கும் ஒரே மார்ஜின் என்று வைத்தால், போனின் பங்கு 7,484 கோடி; மொத்த லாபத்தில் 41 சதவீதம். ஆனால் ஒரே மார்ஜினாக இருக்காது என்று 2012 ஆவணமே சொல்கிறது. போனுக்கு 45 என்று வைத்துப் பாருங்கள். மற்றப் பொருள்களுக்கு வெறும் 20 சதவீதம்தான் மிஞ்சும். மேக் கம்ப்யூட்டரும் ஏர்பாடும் விற்கிற விலைக்கு அது நம்பும்படி இல்லை. நான் 42-ல் நிற்பேன். அப்போது மற்றவற்றுக்கு 27 வரும். போனின் லாபம் 8,450 கோடி, மொத்தத்தில் கிட்டத்தட்ட 47 சதவீதம். ஒரு எண்ணைக் கூட்டினால் இன்னொன்று குறைந்தே ஆக வேண்டும் என்ற இந்தக் கட்டுதான் எங்கள் தொழிலில் கற்பனைக்குக் கடிவாளம். மேல் எல்லையும் கீழ் எல்லையும் இதில்தான் பிடிபடும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. போன் வாங்குகிறவர் கொடுக்கும் பணம் முழுவதும் போன் கணக்கில் ஏறுவதில்லை. கூடவே இலவசமாகக் கிடைக்கும் மேப், சிரி, ஐகிளவுட் ஆகியவற்றுக்காக ஒரு சிறு தொகையை ஒதுக்கி, சேவை வருமானமாக மெல்ல மெல்ல எழுதுகிறார்கள். கணக்கு விதி மாறியபோது 2018-ன் ஐபோன் வருவாயையே 16,670 கோடியிலிருந்து 16,489 கோடியாகத் திருத்தி எழுதினார்கள். நடந்த வியாபாரத்தில் ஒரு டாலர் மாறவில்லை. மொத்த விற்பனையும் மாறவில்லை. ஆனால் போனின் பங்கு குறைந்தது.

அடுத்தது ஆராய்ச்சிச் செலவு 3,137 கோடி, விற்பனை நிர்வாகச் செலவு 2,610 கோடி. இவற்றைக் கழித்தால் செயல்பாட்டு லாபம் 12,322 கோடி. இந்தச் செலவை யார் தலையில் எவ்வளவு வைப்பது? போனுக்காக வடிவமைத்த சிப்பின் வம்சம்தான் இன்று ஐபேடிலும் மேக்கிலும் ஓடுகிறது. முதல் செலவைப் போன் சுமந்தது. பலனை எல்லோரும் அனுபவிக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் கைவிடப்பட்டதாகச் செய்தி வந்த கார் திட்டத்துக்குப் பல வருஷம் போட்ட பணமும் இதே ஆராய்ச்சி வரியில்தான் கரைந்திருக்க வேண்டும். அது போன் செலவா? விற்பனை விகிதப்படி எல்லாச் செலவையும் பிரித்தால் போனின் பங்கு சுமார் 45 சதவீதம் வருகிறது. ஆராய்ச்சியில் மட்டும் 70 சதவீதத்தைப் போனுக்கு எழுதினால் 40-க்கு இறங்கிவிடுகிறது. எந்த விதி சரி என்று ஆப்பிளின் உள்ளே இருக்கும் கணக்காளராலும் ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. பொதுச் செலவைப் பிரிக்கும் விதியை நாம்தான் போடுகிறோம்.

இது எங்கள் பக்கத்தில் புதிய சங்கதியும் இல்லை. திருமயம் தாலுகாவில் இருக்கும் அரிமளம் நகரத்தார் ஊர்களில் ஒன்று. என் தாத்தா பர்மாவில் ஒரு செட்டியாரின் வட்டிக்கடையில், மேலாளுக்கு அடுத்த நிலையில், அடுத்தாளாக இருந்தவர். முதலாளி ஊரில் இருப்பார். மூன்று வருஷத் தவணைக்குப் போன மேலாள் அங்கே கடையை நடத்துவார். கணக்கு ஐந்தொகையாக ஊருக்கு வரும். முதலாளி போட்ட பணம் சும்மா போவதில்லை. அதற்கு வட்டி எழுதி, கழித்தபின் நிற்பதுதான் அந்தக் கடையின் லாபம், மேலாளுக்குரிய பங்கும் அதிலிருந்துதான். நடப்பு வட்டியை ரங்கூனில் மாதந்தோறும் கூடி நிர்ணயிப்பார்கள். வட்டி கால் ரூபாய் ஏறினால், அதே கடை, அதே கடன்காரர், அதே வசூல், ஆனால் கடையின் லாபம் குறைந்துவிடும். ஊரில் முதலாளியின் வட்டி வரவு கூடிவிடும். தாத்தா இதைச் சொல்லும்போது வருத்தத்தோடு சொல்ல மாட்டார். விதி முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும், எல்லாக் கடைக்கும் ஒன்று, அதனால் சண்டை இல்லை என்பார். நிதி மேலாளர்களுக்கு நான் அனுப்பிய ஒவ்வொரு தாளிலும் எண்ணுக்கு மேலே விதியை எழுதிவைக்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது.

ஆனாலும் எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் சேவைகள்தான்.

என் அண்ணன் மகன் அரிமளம் கடைவீதியில் செல்போன் கடை வைத்திருக்கிறான். ஒருநாள் அவனுடைய நோட்டை வாங்கிப் பார்த்தேன். பன்னிரண்டாயிரம் ரூபாய் போனில் அவனுக்கு நிற்பது முந்நூறு, நானூறு. முப்பது ரூபாய்க்கு வரும் டெம்பர்டு கிளாஸை ஒட்டிக் கொடுத்தால் நூறு ரூபாய். கவர், சார்ஜர், இயர்போன் எல்லாம் அதே மாதிரி. “போன்ல என்னடா கெடைக்குது? பேசாம இதை மட்டும் வையேன்” என்றேன். “அத்தை, போன் வாங்க வர்றவங்கதான் கிளாஸ் ஒட்டறாங்க. போனை எடுத்துட்டா கடைக்குள்ள யார் காலடி வைப்பாங்க?” என்றான். நோட்டில் போனின் பங்கு சொற்பம். கடையே நிற்பது அதன் மேல்தான்.

ஆப்பிளின் சேவைகளும் அப்படித்தான் நிற்கின்றன. அமெரிக்க அரசு கூகுள் மேல் போட்ட வழக்கில், ஆப்பிளின் சஃபாரி உலாவியில் தன் தேடலை முதலில் வைக்க 2022-ல் மட்டும் கூகுள் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்தது தெரியவந்தது. சஃபாரி வழியாக வரும் தேடல் விளம்பர வருமானத்தில் 36 சதவீதம் ஆப்பிளுக்கு என்று சாட்சிக் கூண்டிலேயே வெளியாகிவிட்டது. அந்த ஆண்டு ஆப்பிளின் சேவை வருவாய் 7,813 கோடி. அதில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. இதற்கு ஆப்பிளுக்கு அடக்கச் செலவு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. கோடிக்கணக்கான பேர் பையில் ஐபோன் இருப்பதற்கு வரும் வாடகை அது. கணக்கில் சேவை வரியில் இருக்கிறது. ஐபோன் கணக்கில் ஒரு சதம் கிடையாது.

சேவை லாபத்தில் எவ்வளவைப் போனுக்கு எழுதலாம்? 2021 ஜனவரியில் ஆப்பிள் ஒரு எண் சொன்னது: உபயோகத்தில் உள்ள சாதனங்கள் 165 கோடி, அதில் ஐபோன் 100 கோடிக்கு மேல். அந்தத் தலைக்கட்டுப்படி 60 சதவீதம் என்று எடுத்து 2024-ல் சேர்த்தால், மொத்த லாபத்தில் போனின் பங்கு 47-லிருந்து 70 சதவீதமாக ஏறுகிறது. இதையும் நான் கீழ் எல்லை என்றே சொல்வேன். ஆப்பிள் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொள்ள ஐபோன் வேண்டும். போன் போனால் அதுவும் போகும்.

ஆகவே கேட்டவருக்கு நான் எழுதிக் கொடுத்த பதில் எப்போதும் இரண்டு வரி. போனைத் தனி வியாபாரமாகப் பார்த்தால் 40-லிருந்து 50-க்குள். போன் இல்லாமல் போனால் எவ்வளவு போகும் என்று பார்த்தால் 70-க்கு மேல். சிலர் ஒரே எண் வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். நான் கொடுத்ததில்லை. முதல் எண்ணை வைத்துக்கொண்டு “ஆப்பிள் இனி சேவைக் கம்பெனி, போன் விற்காவிட்டாலும் பாதகமில்லை” என்று வாதாடுகிறவர்கள், யாரோ ஒருவரின் ஓய்வூதியப் பணத்தை அந்த நம்பிக்கையில் போடுகிறார்கள். அது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

நூற்றுக்கு நூறைத் தாண்டும் பங்கும் உண்டு. 2023-ல் சாம்சங் எலெக்ட்ரானிக்ஸின் மொத்த செயல்பாட்டு லாபம் 6.57 லட்சம் கோடி வோன். போனும் நெட்வொர்க்கும் சேர்ந்த பிரிவின் லாபம் 13.01 லட்சம் கோடி. பங்கு 198 சதவீதம். சிப் பிரிவு 14.88 லட்சம் கோடி நஷ்டத்தில் விழுந்திருந்ததே காரணம். சாம்சங் பிரிவுவாரியாக லாபத்தைச் சொல்கிறது. அந்த மட்டுக்கு நல்லது. ஆனால் அங்கே போன் பிரிவு சிப்பைத் தன் வீட்டிலேயே வாங்குகிறது. உள்ளுக்குள் என்ன விலை எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்து லாபம் ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு நகரும். 2016-ன் மூன்றாம் காலாண்டில் உலக ஸ்மார்ட்போன் லாபத்தில் ஆப்பிளின் பங்கு 91 சதவீதம் என்று ஸ்ட்ராட்டஜி அனலிட்டிக்ஸ் சொன்னது. 103-க்கும் மேல் என்று பிஎம்ஓ கேபிட்டல் மார்க்கெட்ஸ் சொன்னது. மற்றவர்களின் நஷ்டத்தைக் கழித்து வகுத்தால் நூறைத் தாண்டும், விட்டுவிட்டு வகுத்தால் தாண்டாது. செய்தியில் எண் மட்டும் வந்தது.

ஆப்பிளும் பிரிவுவாரியாக லாபம் சொல்கிறதே என்று கேட்கலாம். சொல்கிறது, ஆனால் பிரதேசவாரியாக: அமெரிக்காக்கள், ஐரோப்பா, சீனப் பகுதி, ஜப்பான், மற்ற ஆசிய பசிபிக். இந்தியா இதில் எங்கே என்று தேடினால் ஐரோப்பாவில் இருக்கிறது. புதுக்கோட்டையில் ஒருவர் ஐபோன் வாங்கினால் அது ஐரோப்பிய வருமானம். ஆராய்ச்சிச் செலவு இந்தப் பிரிவு எதிலும் ஏறாது. தலைமைக் கணக்கில் நிற்கும். அதனால் ஐந்து பிரிவின் லாபத்தைக் கூட்டினால் கம்பெனியின் லாபத்தைவிட அதிகம் வரும்.

அந்தப் போன் செய்யப்பட்டது ஸ்ரீபெரும்புதூராக இருக்கலாம். 2006 முதல் 2014 நவம்பர் வரை நோக்கியா இருந்த ஊர். 2019-லிருந்து ஃபாக்ஸ்கான் அங்கே ஐபோன் பூட்டுகிறது. செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் பெகாட்ரான் 2022-ல் தொடங்கியது, 2025 ஜனவரியில் அதன் 60 சதவீதப் பங்கை டாடா எலெக்ட்ரானிக்ஸ் வாங்கியது. நம் மாவட்டங்களிலிருந்து ஐடிஐ, டிப்ளமோ முடித்த பெண்கள் இந்த ஆலைகளுக்குப் போய் விடுதியில் தங்கி வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்காகவாவது இந்தக் கணக்கு சரியாகத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன். 2010-ன் ஐபோன் 4-ஐ எடுத்து கிரேமர், லிண்டன், டெட்ரிக் என்ற மூன்று ஆய்வாளர்கள் போட்ட கணக்கில், விற்பனை விலையில் 58.5 சதவீதம் ஆப்பிளின் லாபம். சீனத் தொழிலாளர் கூலி 1.8 சதவீதம். ஃபாக்ஸ்கானின் தாய்க் கம்பெனி ஹொன் ஹாய் 2023-ல் பார்த்த மார்ஜின் 6.3 சதவீதம், நிகர லாபம் நூற்றுக்கு இரண்டு ரூபாய்ச் சொச்சம். கூலியைக் கொஞ்சம் உயர்த்தினால் போன் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விடும் என்று யாராவது சொன்னால், இந்த எண்களைப் பக்கத்தில் வைத்துத்தான் பேச வேண்டும். கூலி உயர்வைத் தாங்கும் இடம் ஆலைக்காரரிடம் குறைவு. போனுக்குப் பெயர் போட்டவரிடம் நிறைய.

அமெரிக்கக் கணக்கியல் வாரியம் 2024 நவம்பரில் ஒரு புது விதி போட்டது. லாப நட்டக் கணக்கில் உள்ள ஒவ்வொரு செலவு வரிக்குள்ளும் சரக்குக் கொள்முதல் எவ்வளவு, ஊழியர் சம்பளம் எவ்வளவு, தேய்மானம் எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும். 2026 டிசம்பர் 15-க்குப் பிறகு தொடங்கும் நிதியாண்டுகளுக்கு இது பொருந்தும். ஆப்பிளின் ஆண்டு செப்டம்பர் கடைசியில் முடிவதால், 2028 கடைசியில் வரும் அறிக்கையில்தான் முதலில் பார்க்கலாம். பொருள்வாரியாகப் பிரிக்கச் சொல்லி அந்த விதி கேட்கவில்லை. ஐபோன் வரி அப்போதும் தனியாக வராது. ஆனால் ஆராய்ச்சிச் செலவில் எவ்வளவு ஆள் சம்பளம், எவ்வளவு தேய்மானம் என்று தெரிந்துவிடும். ஆராய்ச்சியில் 70 சதவீதம் போனுக்கு என்று மேலே வைத்தேனே, அந்த அனுமானத்தைத்தான் அன்றைக்கு முதலில் எடுத்துத் திரும்பப் போட்டுப் பார்ப்பேன்.